கேஸ் விற்க வந்தவர்

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், ஜனவரி மாதம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகள். எனக்கு ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் சமையல் வேலை. மனைவி அதே ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் பருப்பு பாக்கெட் போடுவாள். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அங்கே வீட்டைச் சூடாக வைப்பது கேஸ். நம் ஊர் மாதிரி சிலிண்டர் இல்லை. தெருக் குழாயில் வரும். பேஸ்மென்ட்டில் ஒரு ஹீட்டர் அந்தக் கேஸில் ஓடி வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும். மாதம் ஒரு பில். அந்தக் குளிர்காலத்தில் கேஸ் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. எங்கள் டிசம்பர் பில் முந்தின வருடத்தைப் போல இரண்டு பங்கு வந்தது.

மறுநாள் ஹீட்டரைக் குறைத்தேன். யாரும் கூட்டக் கூடாது என்று சுவரில் இருந்த அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். பில்லோடு வந்த காகிதத்தில் ஜன்னல் வழியாகச் சூடு வெளியே போகும் என்று படம் போட்டிருந்தது. கடையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் வாங்கி எல்லா ஜன்னலுக்கும் ஒட்டினேன். கதவு இடுக்கில் பழைய துணி திணித்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன். ஒரு ஊசிமுனைக் காற்று உள்ளே வராது.

அப்படியும் குளிர் போகவில்லை. மகள் "அப்பா, ஐயாம் கோல்ட்" என்பாள். இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொள் என்பேன். மூன்று சாக்ஸ் வரை போட்டாள். அதற்கு மேல் ஷூ நுழையவில்லை.

அந்தச் சமயம் கேஸ் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு புது ஏற்பாடு இருந்தது. பல கம்பெனிகள் வீடு வீடாக ஆள் அனுப்பின. மனைவியின் கடையில் கூட வேலை செய்யும் ஒருவர் மாற்றிவிட்டார்.

"ஒரு வருஷத்துக்கு விலை ஏறாதாம்ங்க" என்றாள் மனைவி.

"குழாய் யாரோடது?"

"பழைய கம்பெனியோடதுதான்."

"கேஸு?"

"அதே கேஸுதான்."

"அப்புறம் விலை மட்டும் எப்படி வேற?"

"எனக்கென்ன தெரியும். எட்டாவது படிச்ச மேதை நீங்கதான் சொல்லணும்."

எனக்குப் பழைய காயம் ஒன்று இருந்தது. இரண்டு வருடம் முன்பு டெலிபோன் கம்பெனி மாற்றச் சொல்லி ஒருவர் போன் செய்தார். என்ன கேட்கிறார் என்று புரியாமல் எஸ், எஸ் என்றேன். அடுத்த மாதம் ஊருக்குப் பேசின பில் தலையில் இடியாக விழுந்தது. அதிலிருந்து விற்க வருகிறவர் யாருக்கும் கதவு திறப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

ஜனவரி முதல் வாரம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெட்டையான அமெரிக்கர். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் காகிதம் வைத்த பலகை. கேஸ் கம்பெனி ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. டிவியை அணைத்தேன். மூன்று பேரும் அசையாமல் நின்றோம். நாலு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். மறுபடி டிவியை அணைத்தோம். மகள் மட்டும் சோபாவில் ஏறி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அவர் கை காட்டினார். இவளும் காட்டினாள். மனைவி பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி கை காட்டுன? நாம வீட்ல இல்லடி."

"பட் அம்மா, வீ ஆர் ஹியர்."

"இருந்தா என்ன. அவருக்கு நாம இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போகும்போது அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது முறை அவர் வந்தது நல்ல ஸ்னோ கொட்டிய ஒரு நாள்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. ரெஸ்டாரன்ட்டும் மதியம் திறக்கவில்லை. மனைவியின் கடை பக்கம்தான். நடந்தே போய்விட்டாள். நானும் மகளும் வீட்டில்.

ரெஸ்டாரன்ட்டில் தந்தூரி அடுப்புக்குக் கரி மூட்டை வரும். கிழிந்த மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு நாளாக அதைத்தான் கணப்புக்கு வைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் படியில் இரும்புச் சட்டியில் பற்றவைப்பேன். புகை அடங்கி நன்றாகச் சிவந்த பிறகு ஹாலுக்குள் கொண்டுவந்து செங்கல் மேல் வைப்பேன். முதல் இரண்டு நாளும் வேலைக்குப் போகும் முன் சிறிது நேரம்தான். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மனைவி போகும்போது, "கரிய நெறைய போடாதீங்க. சுவரு கருத்தா வீட்டுக்காரர்கிட்ட யார் பேச்சு வாங்குறது" என்றாள். அவள் பயம் சுவரைப் பற்றித்தான். எனக்கு அந்தப் பயமும் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அடுப்படியில் நின்றவன். புகை இல்லையென்றால் ஆபத்து இல்லை. நெருப்பைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று இருந்தேன். ரெஸ்டாரன்ட்டில் அடுப்பின் மேல் புகைபோக்கி இருந்தது. காற்றாடி ஓடியது. இங்கே எல்லா இடுக்கையும் நானே அடைத்திருந்தேன். அதை யோசிக்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் தலை வலித்தது. காப்பி குடிக்காததால் என்று நினைத்தேன். மகளும் தலை வலிக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஜன்னலை ஒட்டிய சோபாவில் படுக்கச் சொல்லிப் போர்த்திவிட்டேன். பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகிறது, நல்ல சூடு வேண்டும் என்று இன்னும் நாலு கரித்துண்டு போட்டேன்.

அந்த நாலு துண்டையும் என் கையாலேயே போட்டேன்.

சோபாவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். கால் கனத்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. வலியும் பெரிதாக இல்லை. தூக்கம் மாதிரி ஒன்று.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவர்தான் என்று தெரிந்தது. அசையாமல் இருந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். அசைய முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தட்டல் நின்றது. படியிறங்கும் சத்தம். நல்லது, போய்விட்டார் என்று கண்ணை மூடினேன்.

பிறகு தலைக்கு மேலே ஜன்னல் கண்ணாடியில் தட்டினார். முதலில் மெதுவாக. பிறகு கையை மடக்கிப் பலமாக. வெளியே என்னவோ கத்தினார். கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு வந்த நினைப்பு ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி உடைந்தால் வீட்டுக்காரருக்கு யார் பணம் கட்டுவது?

அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது. எழுந்தேன், விழுந்தேன். முட்டி போட்டு நகர்ந்தேன். துணியை இழுத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த கரிச்சட்டியைப் பார்த்தார். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போர்வையோடு என் மகளைத் தூக்கினார். யாரோ என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கோட்டுக் காலரைப் பிடித்தேன். அவர் நிற்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று பேரும் வாசலில் ஸ்னோவில் கிடந்தோம்.

அந்தக் குளிர் காற்று நெஞ்சில் பட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மகளைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினார். "கமான், லிட்டில் லேடி, கமான்" என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம். என் ஆயுளில் அதைவிட நீளமான நேரம் இல்லை.

பிறகு அவள் வாந்தி எடுத்தாள். அழுதாள்.

அவர் செல்போனை எடுத்தார். நான் "நோ போலீஸ், நோ போலீஸ்" என்றேன். எங்கள் கிரீன் கார்டு பேப்பர் அப்போது நடந்துகொண்டிருந்தது. போலீஸ் கேஸ் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அவர் ஒரு விரலைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய பலகை ஸ்னோவில் கிடந்தது. காகிதமெல்லாம் நனைந்திருந்தது. எடுத்துத் துடைத்தேன். பேனா அதிலேயே கட்டியிருந்தது. அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து "சைன்?" என்று கேட்டேன். அவர் பலகையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நாட் டுடே, மை ஃபிரண்ட்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் பிழைப்பே அந்தக் கையெழுத்தில்தான். அந்த நேரத்தில் எந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் நான் போட்டிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆம்புலன்ஸோடு ஃபயர் வண்டியும் வந்தது. சட்டியை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். நான் ஒட்டிய பிளாஸ்டிக்கை எல்லாம் கிழித்து ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவர் வந்து அலாரம் எங்கே என்று கேட்டார். புகைக்கும் விஷ வாயுவுக்கும் சேர்த்து வீட்டுக்காரர் ஒன்று மாட்டியிருந்தார். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று போன வருடமே நான் கழற்றிவிட்டேன். கிச்சன் டிராயரில் இருக்கிறது என்று கை காட்டினேன். எடுத்து வந்தார். பேட்டரியும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் திட்டவில்லை. பேட்டரியைப் போட்டார். அது கத்த ஆரம்பித்தது. தெருவில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் தலை குனிந்து நின்றேன்.

மகள் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, வேறு போர்வை சுற்றி, கோட்டை கேஸ் கம்பெனி ஆளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டி நகரும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் யாரும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். புகை இல்லாவிட்டாலும் கரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விஷ வாயு வருமாம். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மகள் தூங்கின பிறகு மனைவி கேட்டாள்.

"அவருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

அதற்கு மகள்தான் மறுநாள் பதில் சொன்னாள். இந்தத் தடவை அவளால் கை காட்ட முடியவில்லையாம். அவர் திரை இடுக்கு வழியாகப் பார்த்து இரண்டு முறை கை காட்டியது அவளுக்குக் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறதாம். "ஐ குடுன்ட் வேவ் பேக், அப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவிட்சின் மேல் இருந்த டேப்பைப் பிய்த்தேன். ஹீட்டரைக் கூட்டினேன். அந்த மாத பில் எவ்வளவு வந்தது என்று ஞாபகமில்லை. கூடுதலாக இரண்டு வேளை வேலை பார்த்துக் கட்டினேன்.

அவர் திரும்ப வந்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. எந்தக் கம்பெனி என்றும் நான் கவனித்திருக்கவில்லை. பெயர் கேட்கவும் தோன்றவில்லை. வெயில் காலம் வந்தது. விலை தானாக இறங்கியது. கடைசிவரை நாங்கள் கம்பெனி மாற்றவே இல்லை.

இப்போதும் விற்க ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் எனக்கு வேண்டாத சாமான்தான். ஆனாலும் டிவியை அணைத்துவிட்டு ஒளிவதில்லை. வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், எழுந்து போய்க் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.