ஆறு பட்டன், ஒரு பாட்டில்

எங்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் தம்பியை மாட்டிவிடுவது பொழுதுபோக்கு.

தம்பிக்கு ஐந்து வயது. உருவத்தைப் பார்த்து நான் பட்டாணி என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் அப்பா அவனுக்கு ஒரு சிக்கல் வைப்பார்.

"பீரோவுக்கு அடியில பந்து போயிடுச்சு. கை நுழையாது, குச்சியும் கிடையாது. எப்படிடா எடுப்ப?"

பூனையை உள்ளே அனுப்பு என்று நான் யோசனை சொன்னேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பட்டாணி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். பந்து மிதந்து வெளியே வந்தது. பின்னாலேயே அம்மாவும் துடைப்பத்தோடு வந்தாள்.

விளையாட்டுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. நிஜமாகவே யாராவது உதவி செய்துவிட்டால், அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது முழுவதும் அவர் தலையில்.

போன மழைக்காலத்தில் அப்பாவின் வலது கை லிஃப்ட் கயிற்றுக்கும் கப்பிக்கும் நடுவில் சிக்கியது. எலும்பு கூடிக் கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. மருத்துவமனையில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண்மணி ஒளிக்காமல் சொன்னார்.

"தினமும் சின்னச் சின்னப் பொருளா எடுத்து வைக்கணும். வலிக்கத்தான் செய்யும். இந்த மூணு மாசத்தை விட்டுட்டீங்கன்னா விரல் இப்படியேதான்."

இப்படியே என்றால் ஸ்பானர் பிடிக்க முடியாது. ஸ்பானர் இல்லாமல் எங்கள் அப்பாவை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒருநாள்கூடச் செய்யவில்லை. "பட்டாணி விளையாடுறதை நான் விளையாடணுமா?" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலச் சிக்கலும் நின்றது. அம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பிறகு பேசாமல் தையல் மிஷினை மிதித்தாள். ஒரு மாதம் போய்விட்டது. நான் அவர் செருப்புக்குள் ரப்பர் பல்லி வைத்தேன். எடுத்து ஓரமாகப் போட்டார். திட்டக்கூட இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் பட்டாணி, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஆறு சட்டை பட்டனும் ஒரு குறுகிய வாய் பாட்டிலும் கொண்டுவந்து அப்பா முன்னால் தரையில் பரப்பினான். மருத்துவமனையில் மிட்டாயைச் சப்பிக்கொண்டே எல்லாம் கேட்டிருக்கிறான். என் யோசனை என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருக்க மாட்டேன்.

"அப்பா, எல்லாம் உள்ள போகணும். அடிபட்ட கை மட்டும்தான்."

"போடா. அப்புறம் பார்க்கலாம்."

"நீங்க சிக்கல் வெச்சப்ப நான் அப்புறம்னு சொன்னா விட்டீங்களா? பால் ஆறிப்போற வரைக்கும் உக்கார வெச்சீங்கல்ல?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

முதல் பட்டன் நழுவியது. எடுத்தார், நழுவியது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பட்டாணி தாடையில் கை வைத்து, முன்பு அப்பா உட்காருவாரே அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் என் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் கால் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா கிடக்குமா? பட்டன் பாட்டில் வாயருகே நடுங்கியபோது கால் கட்டைவிரலால் பாட்டிலை நூலளவு நகர்த்தினேன்.

டிங்.

"அக்கா தள்ளிட்டா! நான் பார்த்தேன்!"

"நான் எங்கடா தள்ளினேன்? பூனை தள்ளிச்சு."

"நம்ம வீட்ல ஏது பூனை?"

அப்பாவின் உதடு லேசாகக் கோணியது. பாட்டிலை இடது கையால் கவிழ்த்து, அந்தப் பட்டனைத் திரும்பத் தரையில் வைத்தார்.

"இது கணக்குல வராது. நீ போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

போனேன். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தேன், கூடத்துச் சத்தம் கேட்க வேண்டுமே. அம்மாவின் மிஷினும் நின்றிருந்தது. பட்டன் தரையில் விழுந்தது. மறுபடி விழுந்தது. ஒரே டம்ளரை எத்தனை முறை தேய்த்தேனோ தெரியாது.

டிங்.

"ஒண்ணு!" என்றான் பட்டாணி.

"இன்னும் அஞ்சு இருக்கு," என்றார் அப்பா. "வெளிச்சத்தை மறைக்காதடா, தள்ளி உக்காரு."