பிளானில் இல்லாத வாசக்கால்

வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவனின் வேலையில் கால் பங்கு கோடு இழுப்பது, முக்கால் பங்கு ஆபீஸ் வராந்தாவில் நிற்பது. சொந்த வீடு கட்டிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் நீங்களாகத்தான் இருக்கும். என் முகம் மறந்திருக்கலாம், கால்வலி மறந்திருக்காது.

நான் மதுரையில் லைசென்ஸ் வாங்கித் தொழிலுக்கு உட்கார்ந்தது எழுபதுகளில். சிமெண்ட் பெர்மிட்டுக்குக் கிடைத்த காலம். பிளான் பாஸானால்தான் பெர்மிட், பெர்மிட் இருந்தால்தான் சிமெண்ட். அதனால் வீடு கட்ட நினைத்தவர்கள் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிட்டது அனுமதி கொடுக்கிற ஆபீஸைத்தான். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள், எதற்கு வம்பு? எத்தனையோ பிளான் போட்டிருக்கிறேன். என்னைப் பாடாய்ப் படுத்தியது பழங்காநத்தத்து ஆறு வீடு.

மூன்றாவது கேள்வி

தவமணி சார் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பாண்டியையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாண்டி பஸ் கண்டக்டர். என் அறையில் இருந்த இரண்டே நாற்காலியைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் எங்கள் எல்லோரையும் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். பழங்காநத்தத்தில் மனை வாங்கியாகிவிட்டது, சொந்தமும் சிநேகிதமுமாக ஆறு குடும்பம் சேர்ந்து கட்டப்போகிறோம், கீழே மூன்று வீடு மேலே மூன்று வீடு என்றார் சார். ஆளுக்கொரு இடமாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாமே, எதற்கு ஒரே மனையில் இந்த நெருக்கம் என்று கேட்டுவைத்தேன்.

சார் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முதலில் என்ன வேலை என்று கேட்பார். வாத்தியார் என்றதும் முகம் மலர்ந்துவிடும். அடுத்து எந்த ஊர் என்பார். மேற்கே இன்ன ஊர் என்றால், அட, நம்ம பக்கம் என்று காபி கூட வரும். மூன்றாவதாக, அந்த ஊரில் எந்தத் தெரு என்பார். சொன்ன மாத்திரத்தில், அந்த வீட்டுக்குத் தங்கச்சி மகன் குடிவரப்போவது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். தப்பித்தவறிக் குடிபோய்விட்டாலும், ஊரிலிருந்து நாலு பேர் வந்துபோனால் போதும், வெள்ளையடிக்கணும், காலி பண்ணுங்கள் என்பார்கள். சார் அப்போது குடியிருந்த பசுமலை வீட்டிலும் வெள்ளையடிக்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டதாம்.

அந்த மூன்றாவது கேள்வியை என்னிடம் இன்றுவரை யாரும் கேட்டதில்லை. என் அப்பா பேரைச் சொன்னதுமே வீட்டுக்காரர்கள் திருப்தியாகிவிடுவார்கள். அதனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. சட்டென்று தொழிலுக்குத் தாவி, அறையெல்லாம் எத்தனை அடி வேண்டும் என்றேன். பாண்டி சொன்னார்: "ரூமு சின்னதா இருந்தாலும் பரவால்லண்ணே. வாசல்ல நின்னு ஒருத்தனும் கேள்வி கேக்காத மாதிரி ஒரு பிளான் போடுங்க, அது போதும்."

வைகாசி முகூர்த்தம்

பிளான் போட்டு, ப்ளூ பிரிண்ட் எடுத்து, ஆபீஸில் கொடுத்தாயிற்று. அங்கேயிருந்து சத்தமே இல்லை. வைகாசியோ முடியப்போகிறது. வைகாசியை விட்டால் ஆனியும் ஆடியும் வீட்டு வேலை தொடங்க ஆகாது, ஆவணிக்குத்தான் போகவேண்டும். ஆபீஸ் தேதி தருகிற வழியைக் காணோம், பஞ்சாங்கம் தந்துவிட்டது. தவமணி சாரின் சம்சாரம் ராஜாத்தி அம்மாள் யாரையும் கேட்கவில்லை. வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் மஞ்சள், குங்குமம், மாவிலை, அடியில் நவதானியம் எல்லாம் போட்டு வாசக்காலை நட்டுவிட்டார்கள். மறுநாள் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

பொங்கலை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளில் ஓடினேன். பொட்டல் மனை. சுவர் இல்லை, அஸ்திவாரம் இல்லை. நடுவில் என்று கூடச் சொல்ல முடியாது, ரோட்டோர எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வாசக்கால், இரண்டு பக்கமும் கம்பு முட்டுக் கொடுத்து, மாலை போட்டுக்கொண்டு தன்னந்தனியாக நின்றது. வீட்டுக்கு முன்னால் காலியிடம் விடவேண்டும் என்பது சட்டம். அவர்கள் ஊர்க் கொத்தனாருக்கு அதெல்லாம் தெரியாது. ஊரில் வாசலைத் தாண்டினால் தெரு, அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

அவசரத்தில் நான் பக்கவாட்டில் நடந்து மனைக்குள் போய்விட்டேன். ராஜாத்தி அம்மாள் திரும்ப வெளியே அனுப்பி, வாசக்கால் வழியாக வரச்சொன்னார். வந்து, தலையில் கைவைத்துக்கொண்டு, பிளானில் வாசல் இங்கே இல்லையே அம்மா, பத்தடி உள்ளேயல்லவா இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்: "பிளான நகட்டலாம்லண்ணே? நட்ட வாசக்கால நகட்ட முடியுமா?"

ஒரு நேரத்தில் ஒரு குறை

ஆபீஸில் எங்கள் ஃபைலைத் தேடிப் போனேன். காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்கு அதை அணையாகக் கொடுத்திருந்தார்கள். ஆறு வீட்டு ஃபைல், கனமாக இருக்கும், வாகாக அமைந்துவிட்டது. கிளார்க் அதை உருவி எடுத்து, தூசி தட்டி, திசைக்குறி சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாகப் போட்டுக் கொண்டுபோனேன். கிணற்றைக் காட்டவில்லை என்றார். கிணறே இல்லை என்றேன். இல்லை என்பதைக் காட்டவில்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டு போனேன். மனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறதே, அது நிற்குமா போகுமா என்றார். நிற்கும் என்று எழுதினேன். நின்றால் எந்தப் பக்கம் கிளை பரப்பும் என்றார்.

நீங்களும் இதே மாதிரி அலைந்திருப்பீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அங்கே பசுமலையில் வெள்ளையடிக்கிறவன் ஏணியோடு வந்துவிடுவான் போலிருக்கிறது, இங்கே வேப்பமரக் கிளைக்கு நான் ஜாதகம் கணித்துக்கொண்டிருக்கிறேன். குறை எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் சொல்லித் தொலைத்தால் என்ன சார் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபமே படவில்லை. மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டு அன்பாகச் சொன்னார்: "ஒரே தடவையாச் சொன்னா நீங்க ஒரே தடவையில முடிச்சுட்டுப் போயிருவீங்க. அப்புறம் எங்களுக்கு இங்க என்னய்யா வேல?"

காற்றும் வெளிச்சமும்

கிளையெல்லாம் அடங்கிய பிறகு ஆட்சேபணை மனு ஒன்று முளைத்தது. கொடுத்தவர் அடுத்த மனைக்காரர், இரும்புக்கடை சோலைமலை. ஆறு வீடு வந்தால் தன் வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் தடைபடும், ஆறு அடுப்புப் புகை தாங்காது என்று எழுதியிருந்தார். மனு நிலுவையில் இருக்கும்வரை பிளான் நகராது. பேசிப் பார்க்கலாம் என்று போனேன்.

தங்கமான உபசரிப்பு. காபி வந்தது. காற்றோட்டத்தைப் பற்றி ஒரு டாக்டர் மாதிரி பேசினார். தவமணி சார் வீட்டை ஒட்டி எவ்வளவு இடம் விடுகிறார் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவுக எந்த ஊரு என்றார். மேற்கே என்றேன். மேற்கே எது என்றார். சொன்னேன். அட, நம்ம பக்கம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. வந்தது. அந்த ஊரில் எந்தத் தெரு?

காபியைப் பாதியில் வைத்துவிட்டேன், நல்ல காபி. வெளிச்சம் வருவதற்கும் ஊரில் எந்தத் தெரு என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சோலைமலை முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை: "என்னண்ணே நீங்க, அம்புட்டும் வெளிச்சத்துக்காகத்தான் கேக்குறேன்."

செருப்பைக் கழற்றியவர்

ஒருவழியாக, இடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். ஆனி வெயில். டேப் பிடிக்க ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார். சோலைமலை வெள்ளை வேட்டி கட்டித் தன் வீட்டு ஓரமாக நின்றார். தவமணி சார் லீவு போட்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு குடும்பத்தின் கதை முடிவாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அனுமதி இல்லை என்றால் மனையை விற்றுவிட்டுத் திரும்பவும் வாசல் வாசலாக ஏறி இறங்கவேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவர் கண்ணில் பட்டது வாசக்கால்தான். "அனுமதி வாங்காம வேலைய ஆரம்பிச்சாச்சா?" என்று சத்தம் போட்டார். அதட்டிக்கொண்டே வந்தவர், வாசக்கால் கிட்டே வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்து, வலது காலை முன்னால் எடுத்துவைத்து உள்ளே வந்தார். உள்ளே என்றால் என்ன, அதே பொட்டல்தான். டேப் பிடிக்கிற ஆள் பக்கத்தில் திறந்துகிடந்த வெட்டவெளியில் சும்மா நடந்து வந்துவிட்டான். இன்ஸ்பெக்டருக்கு வந்ததே கோபம்: "அறிவிருக்காய்யா? வாசல் இருக்கும்போது சுத்தி வர்ற?"

டேப்பின் மறுமுனை

ராஜாத்தி அம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் அளக்க ஆரம்பித்தார். சோலைமலைக்கு ஒரே உற்சாகம். ஓர் அங்குலம் கூடத் தப்பிவிடக்கூடாது என்று டேப்பின் ஒரு முனையைத் தானே வாங்கித் தன் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனை எதிர்ப்பக்க எல்லைக்கல் வரை போனது. பத்திரத்தில் இருக்கிற அகலம் வரவில்லை. இன்னொரு தடவை அளந்தார்கள், அப்போதும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் டேப் போன வழியே நடந்து சோலைமலை சுவரடிக்கு வந்தார். சுவர் ஒரு சாண் இந்த மனைக்குள் இருந்தது. அதிலிருந்த ஜன்னல் இரண்டும் இந்த மனைக்குள்தான் திறந்தன. காற்றும் வெளிச்சமும் எங்கேயிருந்து வந்துகொண்டிருந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சோலைமலை டேப்பை விட்டுவிட்டு, மனு கிடக்கட்டும் சார், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த வாசக்கால் சட்டவிரோதம்தானே, அதைப் பிடுங்க வேண்டாமா என்றார்.

இன்ஸ்பெக்டர் வாசக்காலைப் பார்த்தார். மஞ்சள் இன்னும் மங்கவில்லை, அடியில் போட்ட நவதானியம் முளைத்துப் பச்சையாக நின்றது. "சரி, நீங்களே பிடுங்கிப் போட்டுருங்க" என்றார். சோலைமலை இரண்டு எட்டுப் பின்னால் போனார். "ஐயோ, நான் பிள்ளகுட்டிக்காரன் சார், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." இன்ஸ்பெக்டர் டேப் பிடிக்கிற ஆளைத் திரும்பிப் பார்த்தார். அவன் வேப்பமரத்தை அளக்கப் போய்விட்டான். மற்றவர் குடியிருப்பதைத் தடுக்கத் தயங்காத மனிதர்கூட, நட்ட மரச்சட்டத்தில் கைவைக்க நடுங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. ராஜாத்தி அம்மாள் வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கதவு இருக்கா என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் சுவர்? இல்லை. எல்லைக்கோட்டு மேலதானே நிக்குது? ஆமாம். பேனாவை எடுத்து என் பிளானில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். "இது வாசக்கால் இல்லய்யா, காம்பவுண்ட் கேட். அப்படியே வரைஞ்சு கொண்டா, பாஸ் பண்றேன். என் மகளுக்கும் மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்."

குனிந்து வந்தவர்

வீடு எழும்பியது. ஆறு குடும்பமும் குடிவந்தது. கேட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தேக்கு வாசக்கால், அதற்கு இரண்டு பக்கமும் காம்பவுண்ட் சுவர். யார் வந்தாலும் அதில் குனிந்துதான் நுழையவேண்டும். பீரோ வாங்கினால் மட்டும் சுவருக்கு மேலே தூக்கி இறக்குவார்கள். எண்பதுகளில் ஒருநாள், மொட்டைமாடியில் ஒரு அறை எடுக்க பிளான் வேண்டும் என்று சார் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது வாசக்காலில் தலையைக் குனிந்துகொண்டு சோலைமலை வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார். மாடியில் ஒரு குடும்பம் மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போய், வீடு காலியாக இருந்தது. சோலைமலை வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. மகன் இந்த வீட்டைத் தானே பார்த்து முடிவு பண்ணிவிட்டான். மரியாதைக்குக் கேட்க அப்பா வந்திருந்தார்.

சார் உட்காரச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார். மகனும் மருமகளும் மட்டும்தான் என்றார் சோலைமலை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாண்டி, விசில் ஊதப்போகிறவர் மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். சோலைமலை துண்டால் கழுத்தைத் துடைத்தார். அடுத்த கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். அந்த வரிசை அவருக்குத் தெரியாததா? தவமணி சார் தண்ணீர் வருகிற நேரத்தைச் சொன்னார், மோட்டார் போடுகிற முறையைச் சொன்னார், எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்தார். ராஜாத்தி அம்மாள் காபி டம்ளரைச் சோலைமலை கையில் கொடுத்தார்: "எங்களுக்குக் கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. உங்க வீட்டப் பாத்த ஜன்னல்தான், காத்தும் வெளிச்சமும் நல்லா வரும்."

இத்தனை வருஷத்தில் நான் கோடு போட்டு வைத்த வாசல்களில் எல்லாம் யாராவது நின்று கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கேட்காத ஒரே வாசல் என் பிளானில் இல்லாத இடத்தில் நின்றதுதான்.