கொஞ்ச நேரம் யாரும் அழாதீங்க

எங்கள் அக்கா வண்டியில் போகிறவர்கள் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. சொல்லும் நிலைமையில் அவர்கள் இல்லை என்பது வேறு விஷயம். அது அமரர் ஊர்தி. பழைய காரைப் பின்பக்கம் நீட்டி, சவப்பெட்டி போகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். தெருவில் அதற்குப் பெயர் 'கடைசி பஸ்'.

அக்கா குள்ளம். தலையணை போட்டு உட்கார்ந்தும் வெளியிலிருந்து பார்த்தால் ஆளில்லாத வண்டி போவது போலத்தான் இருக்கும். பயணியே ஓட்டுகிறார் என்று நான் கிளப்பிவிட்டதில் தெருப் பிள்ளைகள் இன்றும் அதைக் கண்டால் ஓடுகிறார்கள்.

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அந்த வேலையும் போன வருஷத்திலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. "சென்சார் பொய் சொல்லுது" என்று பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓட்டினாள். சென்சார் அரிச்சந்திரன். இன்ஜின் ஜாம் ஆகி நின்றது. "இன்னொரு இன்ஜின் போச்சுன்னா சாவியை மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடு" என்றார் முதலாளி.

அதற்கப்புறம் ஒருநாள், கூவிக் கூவி ஏலம் விட்டே வாழ்ந்து முடித்த ஏலக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனோம். நான் முன்சீட்டில், மடியில் மலர்வளையம். சொந்தபந்தமெல்லாம் பின்னால் வேனில். பாதி வழியில் அதே சிவப்பு விளக்கு.

அக்கா உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். அவள் முகம் பயணியின் முகத்தைவிட வெளுத்துவிட்டது.

"சென்சாராக்கா?"

"வாயை மூடுடி."

பானெட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, விட்டு உருவினாள். ஆயில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பம்ப் அதை மேலே தள்ளாவிட்டால் இன்ஜின் காலி. தள்ளிக்கொண்டிருந்தால் சென்சார்தான் காலி. ஃபில்டருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் இருந்த சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே ஆயில் கசிந்து நிறைந்திருந்தது.

"சென்சாருக்கு உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சிருக்கு" என்றாள். ஆனால் போன வருஷமும் பேசிய வாய்தானே, அவளுக்கே நம்பிக்கை இல்லை. காதால் கேட்டாக வேண்டும். ஆயில் ஏறாத இன்ஜின் டக்டக்கென்று அடிக்கும்.

அதற்குள் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்கள் வண்டியைச் சுற்றி நின்று அழ ஆரம்பித்தார்கள். ஏலக்காரரின் மைத்துனர் மட்டும் அழவில்லை, கத்தினார்.

"என்னம்மா, மச்சானை நடுரோட்டுலயே இறக்கி வைக்கப் போறியா?"

அக்கா ஸ்டார்ட் செய்து பார்த்தாள். அழுகைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று அணைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் யாரும் அழாதீங்க. இன்ஜின் சத்தம் காதுல விழல."

அழுதவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்; மைத்துனரின் வாய் மட்டும் திறந்தபடியே நின்றது. நான் சாவியைத் திருகினேன். அக்கா பானெட்டுக்குள் தலையை விட்டாள். ஏலக்காரரின் மனைவியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் தலையை விட்டார்.

"டக்டக்னு ஏதாச்சும் கேக்குதாம்மா?"

"இல்லடி கண்ணு. ஏலக்காரரோட குடும்பம் நடத்தினவ நான். எது வெறும் கூச்சல், எது நெஜக் கோபம்னு தெரியாதா? இது சும்மா முணுமுணுப்பு."

அக்கா ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து தெறித்த ஆயில் அவள் மூக்கு நுனியில் விழுந்தது. பம்ப் வேலை செய்கிறது!

பிளக்கை மாட்டிவிட்டு முதலாளிக்குப் போன் செய்தாள்.

"விளக்கு எரியுதா இல்லையா?"

"எரியுதுங்க. சென்சார் போயிருக்கு."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"போன தடவை பாக்காம சொன்னேன். இப்ப பாத்துட்டுச் சொல்றேன்."

"வண்டியை எடுத்தா உன் பொறுப்பு. வேலையும் சேத்துத்தான்."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜன்னல்களை இறக்கிவிட்டு நத்தைக்கு வழிவிடுகிற வேகத்தில் போனோம். அந்த அம்மாவும் முன்சீட்டில் என்னை நெருக்கிக்கொண்டு ஏறிவிட்டார். காதைச் சாய்த்தபடி, "முணுமுணுப்புதான், நீ போ, நீ போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல்லறை வாசலில் அக்கா இன்ஜினை அணைத்ததும் சத்தமெல்லாம் நின்றது. அந்த அம்மா சிறிது நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார். மலர்வளையம் நசுங்கியது. நசுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மெக்கானிக் அந்தச் சென்சாரைக் கழற்றி, அதே ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டி இன்ஜினை ஓட்டினார். முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார். முள் எழுந்து நடுவில் போய் நின்றது; ஆயில் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. நான் விசிலடித்தேன். மெக்கானிக் சென்சாரைக் குப்பையில் எறிந்தார்.

"காலையில ஒரு சவாரி இருக்கு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு முதலாளி போனார். அவர் பாராட்டினால் அப்படித்தான்.

அக்கா வண்டிச் சாவியைப் பைக்குள் போடப் பார்த்தாள். அது கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. கிண்டலுக்கு நாக்கு நமநமத்தது. குனிந்து எடுத்து நானே பைக்குள் போட்டேன்.

"பசிக்குதுக்கா, வா."