பாண்ட் நடுவர் கதிரையில் ஒரு பி.எச்.ஐ.

பாண்ட் வாத்தியப் போட்டி நடுவர் வேலை என்பது, மூன்று பேர் வெயிலில் உட்கார்ந்து ஒரு பாடசாலையைச் சந்தோஷப்படுத்தி, ஏழு பாடசாலைகளைப் பகைத்துக்கொள்ளும் வேலை. பள்ளிவாசல் நிர்வாகத்திலோ, கோயில் திருவிழாக் குழுவிலோ, கல்யாண வீட்டில் சாப்பாடு பகிரும் பொறுப்பிலோ ஒரு தடவையாவது மாட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் என் இனம்தான். இப்படி வந்து பக்கத்தில் இருங்கள்.

இது என் தொழிலும் அல்ல. நான் கல்முனைப் பக்கத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஹோட்டல் குசினி, பேக்கரி, இறைச்சிக் கடை, தேங்கிய தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பி, இவைதான் என் உலகம். ஆனால் படிக்கிற காலத்தில் மூன்று வருடம் பாடசாலை பாண்டில் ட்ரம்பட் ஊதினேன். சுமாராக அல்ல, நன்றாகவே ஊதினேன். அதனால் பிரதேசத்துப் பாடசாலைகளின் பாண்ட் போட்டிக்கு நடுவராக வரும்படி கடிதம் வந்தபோது, என் காதை ஞாபகம் வைத்திருக்கவும் இந்த ஊரில் ஒருவர் இருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்து போனது. அந்த ஒரு நினைப்பில்தான் நடுவர் கதிரையில் போய் உட்கார்ந்தேன், ஒன்பது வருடம் இருந்தேன்.

அறிவிப்பாளர் விட்டுவிட்ட வரி

முதல் வருடம் நடுவர்களை மேடைக்கு அழைப்பதற்கு முன்பு ஆளுக்கொரு துண்டுக் காகிதம் தந்து, தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் நிதானமாக யோசித்து, ட்ரம்பட் வாசித்த மூன்று வருடத்தை முதல் வரியிலும் உத்தியோகத்தை இரண்டாம் வரியிலும் எழுதிக் கொடுத்தேன். எனக்கு இடப்பக்கம் போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன் ஹமீட், சீருடையோடு. வலப்பக்கம் காரைதீவைச் சேர்ந்த சிவநேசன், கரண்ட் ஒப்பீஸில் அத்தியட்சகர். அவர்கள் இருவரும் வேலையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பாவம், இவர்களுக்கு வாத்தியத்தோடு ஒரு தொடர்பும் இல்லைப் போல என்று கொஞ்சம் இரக்கப்பட்டேன்.

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார், பி.எச்.ஐ. என்றார், அதோடு நிறுத்திவிட்டார். வேலியோரம் அச்சாறு விற்றுக்கொண்டிருந்தவர் அவசர அவசரமாகத் தட்டை மூடியதைக் கண்டேன். ரோல்ஸ் விற்றவர் சைக்கிளைத் திருப்பினார். இடைவேளையில் அறிவிப்பாளரைப் பிடித்து, ட்ரம்பட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “ட்ரம்பட் எண்டா ஆரு சேர் கேக்கப் போறா? பி.எச்.ஐ. எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னன், மைதானம் எப்பிடி அடங்கிச்சி எண்டு பாத்தீங்கதானே.”

சார்ஜன் பார்க்காத எட்டு பாண்டுகள்

புள்ளி போடுவதை எங்களுக்குள் பிரித்திருந்தார்கள். இசையும் உடையும் எனக்கு, தாளம் சிவநேசனுக்கு, அணிநடை சார்ஜனுக்கு. வரிசை நேராக இருக்கிறதா, கால் ஒன்றாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பொலிஸ்காரரை விடப் பொருத்தமான ஆள் யார் என்று நானும்தான் நினைத்தேன்.

முதல் பாண்ட் எங்களுக்கு முன்னால் வந்தது. தலைவி கோலை உயர்த்தி மரியாதை செலுத்தினாள். அவ்வளவுதான், சார்ஜன் எழுந்து விறைப்பாக நின்று சலூட் அடித்துவிட்டார். பேனை மடியிலிருந்து உருண்டு மணலில் விழுந்தது. கண் எதிர்ப்பக்கத் தென்னைமரத்தில் நின்றது, அசையவே இல்லை. பாண்ட் முழுவதும் கடந்து போய் முதுகைக் காட்டிய பிறகுதான் கை இறங்கியது. எட்டுப் பாடசாலைக்கும் இதே கதை. கடைசியில் பார்த்தால் எட்டுக்கும் பதினெட்டு, பதினெட்டு என்று ஒரே புள்ளி. ஓர் அதிபர் கோபத்தோடு வந்து, என் பிள்ளைகளை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று கேட்டார். சார்ஜன் கொஞ்சமும் கலங்கவில்லை: “சலூட்டில நிக்கக்குள்ள கண்ணத் திருப்பப்படாது சேர். காலடிச் சத்தம் கேட்டிச்சி, ஒழுங்காத்தான் போயிரிப்பாங்க.”

பதினான்கு நாள் அவகாசம்

சார்ஜனைப் பார்த்துச் சிரித்த நான் அடுத்த வருடமே வசமாக மாட்டினேன். போட்டிக்கு முன் உடைப் பரிசோதனை. வரிசையாக நின்ற பிள்ளைகளின் சப்பாத்தைப் பார்க்க வேண்டிய நான், பழக்க தோஷத்தில் நகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பாடசாலையில் ஒரே ட்ரம்பட்டில் மூன்று பிள்ளைகள் வாய் வைப்பதைக் கண்டதும் பொறுக்கவில்லை. ஊதும் துண்டுகளைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவ வைத்தேன். பெரிய ட்ரம்மை மூடியிருந்த பொலித்தீன் மடிப்பில் மழைத் தண்ணீர் தேங்கிக் குடம்பி நெளிந்துகொண்டிருந்தது. அதையும் சாய்த்து ஊற்ற வைத்தேன். போட்டி முக்கால் மணி நேரம் பிந்தியது.

அதோடு விட்டிருக்கலாம். என் பைலில் புள்ளித்தாளும் இருந்தது, வேலைக்குக் கொண்டுபோகும் அறிவித்தல் படிவமும் இருந்தது. அந்தப் பாடசாலை வாசித்து முடித்ததும், வெயிலில் கண் மங்கி, அவர்களுக்கான குறிப்புகளைப் படிவத்தில் எழுதி, கையொப்பமும் போட்டு, பாண்ட் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். ‘கீழ்க்காணும் குறைபாடுகளைப் பதினான்கு நாட்களுக்குள் திருத்தாவிடின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற அச்சடித்த வாசகத்துக்குக் கீழே, ‘ட்ரம்பட்டில் மூச்சுப் போதாது, இரண்டாம் பாட்டில் வேகம் கூடிவிட்டது’ என்று என் கையெழுத்து. ஆசிரியர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: “சேர், பதினாலு நாளைக்குள்ள மூச்சு வராட்டி ஸ்கூலுக்குச் சீல் வெப்பீங்களா, இல்ல பிள்ளைக்கு வெப்பீங்களா?”

சிவநேசனின் கஷ்டகாலம்

சிவநேசன் நல்ல மனுஷன். தாளத்தை விரலால் தொடையில் தட்டித் தட்டிப் பார்ப்பார், பிழை கண்டால் உதட்டைக் கடிப்பார். ஒரு வருடம், முதலாம் இடம் எந்தப் பாடசாலை என்று அறிவிக்க வாய் திறந்த நொடியில் மைக் செத்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மைதானத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தன.

அவர் எழுந்து, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் காலையிலிருந்து இங்கேதானே இருக்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் நம்பவில்லை. புள்ளியை மாற்றி எழுதுவதற்கு நேரம் எடுக்கத்தான் கரண்டை நிறுத்தியதாகக் கதை ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்து முடிவைச் சொன்னபோது, தோற்ற பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் மேடையடிக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்: “மத்த வருசமெல்லாம் மார்க்க மட்டுந்தான் வெட்டுவீங்க சேர்.”

இரண்டாம் ட்ரம்பட்டும் மாட்டிறைச்சியும்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கிற விஷயம். இது அப்படி அல்ல. ஒரு வருடம், எல்லோரும் வெல்லும் என்று நினைத்த பாடசாலையின் இரண்டாம் ட்ரம்பட் அரைச் சுரம் இறங்கியிருந்தது. இருபத்தைந்து வாத்தியச் சத்தத்துக்குள் அது ஒரு நூல்தான். சார்ஜனுக்கும் கேட்கவில்லை, சிவநேசனுக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்து இரண்டு புள்ளி குறைத்தேன். அந்த இரண்டு புள்ளியால் அவர்கள் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனைக்கு மஜீட் ஹாஜியாரின் ஹோட்டலுக்குப் போனேன். ஹாஜியார் அந்தப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத் தலைவர் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. பிரிட்ஜைத் திறந்தால் சமைத்த சோற்றுக்கு மேல் தட்டில் பச்சை மாட்டிறைச்சி, இரத்தம் சொட்டிக்கொண்டு இருக்கிறது. யாருடைய ஹோட்டலாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எழுதினேன். மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், பிரிட்ஜை ஒருவரும் பார்க்கவில்லை. முப்பது வருடம் ஒரு கோப்பை பிளேன்டி கூடக் கைநீட்டி வாங்காமல் காப்பாற்றிய பேர், அந்தப் பார்வையில் கரைந்ததை நான் உணர்ந்தேன். ஹாஜியார் சத்தம் போடவில்லை. எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பிள்ளையளுக்கு மூணாம் எடம் தந்தீங்க, பொறுத்துக்கிட்டம். இப்ப எறச்சிக்கும் மூணாம் எடமா சேர்?”

செயலாளரின் பட்டியல்

அன்றிரவே முடிவெடுத்து, மறுநாள் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் கபூர் சேரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற அதிபர், நிதானமானவர். என்னை விட்டுவிடுங்கள், புள்ளித்தாளையும் பரிசோதனைப் புத்தகத்தையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் நடமாட முடியவில்லை, வாத்தியம் தெரிந்த வேறு ஒருவரைப் போடுங்கள் என்றேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு பைலை எடுத்து முன்னால் வைத்தார். நடுவர் பெயர்ப் பட்டியல். என் பெயருக்கு நேரே பி.எச்.ஐ., ஹமீடுக்கு நேரே பொலிஸ், சிவநேசனுக்கு நேரே கரண்ட். எங்களுக்கு முன்பு இருந்தவர்களையும் பார்த்தேன். இன்னொரு பி.எச்.ஐ., ஒரு கிராம சேவகர், ஒரு வங்கி முகாமையாளர். ட்ரம்பட் என்று எங்கும் ஓர் எழுத்து இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கவலையாக இருந்தது. இத்தனை வருடமும் என் காதுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துத்தானே வெயிலில் வெந்தேன். கபூர் சேர் என் முகத்தைக் கவனிக்காமல், ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னார்: “சங்கீத டீச்சர் ஒராள ஒரு வருசம் போட்டுப் பாத்தம். வாத்தியம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. தோத்தவங்க எல்லாருமாச் சேந்து அவவ அழ வெச்சுத்தான் அனுப்பினாங்க. உங்கட மூணு பேருக்கும் முன்னுக்கு எவனும் வாயத் தொறக்க மாட்டான் சேர், எல்லாருக்கும் கடை இரிக்கி, வாகனம் இரிக்கி, மீட்டர் இரிக்கி.”

வேலிக்கு வெளியே

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு அது தெரியும். போன வருடக் கடைசியில் எனக்கு அறுபது வயதாகி ஓய்வு கிடைத்தது. இந்த வருடப் போட்டிக்குக் கடிதம் வரவில்லை. என் இடத்துக்கு வந்த புதிய பி.எச்.ஐ. தம்பிக்குத்தான் போயிருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் அவர் போன் எடுத்து, ட்ரம்பட் என்பது தட்டுவதா ஊதுவதா என்று மரியாதையாகக் கேட்டார். ஊதுவது என்று சொல்லி வைத்தேன்.

போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை. மைதான வேலிக்கு வெளியே, பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோருக்கு நடுவில் நின்றேன். நாலாவது பாண்ட் பாட்டைத் தொடங்கியதும் முதலாம் ட்ரம்பட் சுரம் பிசகியது, நூல் அல்ல, கயிறு. உடம்பு தானாகவே கூசியது, முகத்தைச் சுளித்தேன். நடுவர் கதிரையில் புதிய தம்பி முழுப் புள்ளி போடுகிற சிரிப்போடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்றவர் அந்தப் பாண்டில் இருந்த ஒரு பிள்ளையின் தகப்பன் போலிருக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: “என்னத்துக்குக் காக்கா, மூஞ்சிய இப்பிடி வெச்சிரிக்கீங்க, உங்களுக்கு மியூசிக் தெரியுமா?”

ஒன்பது வருடம் நடுவர் கதிரையில் இருந்தபோது ஒருவர் கூட என்னிடம் கேட்காத அந்தக் கேள்வியை, கையில் பேனையும் இல்லாமல் சீல் வைக்கும் அதிகாரமும் இல்லாமல் வேலிக்கு வெளியே நிற்கும்போதுதான் ஒரு மனிதர் கேட்டார்.