ஒரே பம்புக்குள் இரண்டு மருந்து

கல்யாணமாகி நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போன இரண்டாம் வருஷம் எனக்கு ஆஸ்துமா என்றார்கள். உளுந்தும் மல்லியும் அறுவடையாகிற காலம் அது. கதிரடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தெருவே தூசியில் மறைந்துவிடும்.

முதலில் வாயில் வைத்து மருந்தை இழுக்கும் நீல நிறப் பம்பு மட்டும்தான். மூச்சு முட்டும்போது இழுத்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசாகிவிடும். அந்தச் சுகத்தில், நோய் சரியாகி வருகிறது என்றே நினைத்தேன். தை பிறந்ததும் ஒரே நாளில் நான்கைந்து முறை அதைத் தேடினேன். கோவில்பட்டியில் பார்த்த டாக்டரம்மா, “இது இழுப்பத்தான் நிப்பாட்டும். உள்ள இருக்க வீக்கத்தக் குறைக்காது” என்று, காலையும் மாலையும் இழுக்க வேறொரு பம்பு கொடுத்தார். வீக்கத்துக்கான ஒரு மருந்து மட்டும் அதில் இருந்தது. மழைக்காலம் முழுக்க அது கைகொடுத்தது. அறுவடை வந்ததும் போதவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தேன்.

அதன்பிறகு மார்கழியிலிருந்து பங்குனிவரை நான் மட்டும் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்குவது என்று முடிவாயிற்று. நிலத்தை விட்டு என் வீட்டுக்காரரால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். காட்டு வேலையில் தூசி படிந்த சட்டையோடு என் பக்கம் வரக்கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டார். தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சட்டையில், சோப்பு மணத்தோடு விருந்தாளி மாதிரி வாசலில் நிற்பார். வெயிலும் கரிசலும் ஒட்டிய அவரைத்தான் என் மனசு தேடியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம், “போயிட்டு வாரேன்” என்பார். பஸ் எட்டயபுரம் ரோட்டில் திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் டாக்டரம்மா பழைய பம்பை நிறுத்திவிட்டு, ஒன்றுக்குள்ளேயே இரண்டு மருந்து இருக்கும் பம்பை எழுதினார். உடன் வந்திருந்த என் வீட்டுக்காரருக்குப் பயம்.

“ரெண்டு மருந்த ஒண்ணாக் கலந்து அடிச்சா செடி கருகிரும்லா டாக்டரம்மா? இவளுக்கு ஒண்ணும் செய்யாதே?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஒரு மருந்தே போதும்னு இருக்கவங்களுக்கு நான் ரெண்டு எழுத மாட்டேன் அண்ணாச்சி. இவியளுக்கு ஒண்ணு பத்தல. ஒரு மருந்து வீக்கத்தக் குறைக்கும், இன்னொண்ணு மூச்சுக்குழாயச் சுருங்க விடாம வச்சுக்கிடும். இழுத்ததும் வாய் கொப்புளிக்கணும். நல்லா இருக்கேன்னு பாதியில விடக் கூடாது.”

“அப்ப இவள எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?”

சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் ஒருத்திதான் ஏங்கிக் கிடக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டரம்மா. நீலப் பம்பு பையிலேயே கிடந்தது. சில வாரங்களில் அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அடுத்த அறுவடைக்கு ஊரிலேயே இருந்தேன். ஆசை யாரை விட்டது? முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு களத்துக்கே போய்விட்டேன். அரைமணி நேரத்தில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அவர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

“ஏட்டி, நீலப் பம்பு வச்சிருக்கியா?”

இழுத்தேன். மூச்சு சீரானது.

“மருந்து கேக்குன்னு தூசிக்குள்ள வந்து நிப்பியா? நீ வீட்டுல இருந்தாப் போதும்ட்டி” என்றார்.

டாக்டரம்மாவும் தூசியிலிருந்து தள்ளியே இருக்கச் சொன்னார். நான்கு மாதப் பிரிவு இப்போது பத்து நாளாகச் சுருங்கியிருக்கிறது. இயந்திரம் ஓடும் அந்தப் பத்து நாள் மட்டும் கோவில்பட்டி அறை. இன்று எட்டாவது நாள். மத்தியானம் போனில், “மல்லி மட்டுந்தான் கெடக்கு. நாளக் கழிச்சு வந்துரு” என்றார். துணிமணிகளை அப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.