விட்டுட்டு வரேன்

எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்த வெள்ளைக்காரம்மா என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு எழுபது தாண்டியாயிற்று, எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தெருவில் பூ விற்பவரை எல்லோரும் அக்கா என்கிறார்களே, அது மரியாதைச் சொல் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். “உன் தங்கச்சி மேல இருந்து கூப்பிடறாங்க, போய்ப் பாரு” என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். வீடு கேட்டு வந்த அன்று அவர் அறைகளைப் பார்க்கவே இல்லை. பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சரி என்றார். தண்ணீர் ஒழுங்காக வருமா என்றுகூடக் கேட்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷியா என்று எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. அங்கே என் இங்கிலீஷுக்கு நல்ல பேர். அந்தத் தெம்பில் அவரிடமும் தடதடவென்று பேசுவேன். எங்கள் இங்கிலீஷில் ‘லீவ்’ என்ற சொல்லுக்கு வேலை ஜாஸ்தி. ஆபீசுக்குப் போகாவிட்டால் லீவ். போனால் போகட்டும் என்பதற்கு ‘லீவ் இட்’. ஒருவரை வண்டியில் கொண்டுபோய் இறக்கினால் அதுவும் லீவ்தான். “பஸ் ஸ்டாண்டுல விடுங்க” என்று கணவரிடம் சொல்வதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ‘லீவ் மீ இன் பஸ் ஸ்டாண்ட்.’ அதில் தப்பிருப்பதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

அவருக்குக் கண்புரை முற்றிக்கொண்டே வந்தது. மலை புகையாகத் தெரிகிறது என்பார். ஆனால் ஆபரேஷன் என்றால் பயம். அந்த மலையைப் பார்ப்பதற்காகவே கடல் தாண்டி வந்தவர், ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இனியும் தள்ளினால் பார்வைக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். முந்தின நாள் சாயந்திரம் மாடிக்குப் போய் அவருக்கு தைரியம் சொன்னேன்.

“டோன்ட் வொர்ரி மேடம். டுமாரோ ஐ லீவ். மார்னிங் ஐ வில் லீவ் யூ இன் ஹாஸ்பிடல்.”

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், காலையில் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அர்த்தம். அவர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள், பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒரு ஆட்டோ பிடிக்க என் கணவர் படாத பாடு பட்டார். நான் மேலே போனால், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் பெட்டி கட்டிவைத்தபடி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, உனக்குத் தொந்தரவு வேண்டாம், வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு எப்போதுமே கோபம் மூக்குமேல்தான். என்ன மேடம் விளையாடுகிறீர்களா என்று கத்திவிட்டேன்.

அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். நீ கிளம்பிப் போகப் போகிறாய், என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விடுவாய், நேற்று நீதானே சொன்னாய் என்றார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவருடைய கணவர் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னதும் அதே சொல்தானாம். ‘ஐயாம் லீவிங் யூ.’

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையோடு இங்கிலீஷை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலேயே சொன்னேன்.

“லீவ் இல்ல மேடம், விடறது. விட்டுட்டுப் போறதுன்னா, போயே போயிடறது. விட்டுட்டு வரதுன்னா, பத்திரமா இறக்கிட்டுத் திரும்பி வரது. நான் விட்டுட்டு வர ஆளு. போற ஆளு இல்ல.”

கீழேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். “என்னாம்மா, ஆட்டோக்காரரு கிளம்பறேன்றாரு!”

“இருக்கச் சொல்லுங்க!”

வழியெல்லாம் அவர் பாடம் படித்துக்கொண்டே வந்தார். “விட்டுட்டுப் போ, நோ. விட்டுட்டு வா, எஸ்.” ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். ஆபரேஷன் அறை வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அக்கா, விட்டுட்டு வா” என்றார். ‘வாங்க’ அவருக்கு இன்னும் வரவில்லை. ஒரு காபிக்குக்கூட எழுந்து போகாமல் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கட்டு பிரித்த அன்று பால்கனிக்கு என்னைக் கூப்பிட்டு, அங்கே ஒரு பாறை, இங்கே ஒரு மரம் என்று காட்டினார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. ஆனாலும் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன், அவருக்காக.

போன வருஷம் அவருடைய மகள் போன் செய்து, இந்த வயதில் தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடு என்றாள். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த மகள்மேல் கோபம் வந்தது. சென்னை ஏர்போர்ட் வரைக்கும் நானே கூடப் போனேன். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகும்போது அவர் திரும்பி நின்று, சுற்றியிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, சத்தமாகச் சொன்னார்.

“அக்கா, விட்டுட்டு வா!”

தலையாட்டினேன். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று குறைந்துபோனது அப்போதுதான் உறைத்தது. விட்டுட்டு வருவது வீட்டுக்குத்தான். விட்ட ஆளிடம் இல்லை.

அவர் கூட்டத்தில் மறைந்த கொஞ்ச நேரத்தில் கணவர் போன் செய்தார்.

“என்னாம்மா, விட்டுட்டியா?”

“விட்டுட்டேங்க.”

“சரி, கிளம்பி வரியா?”

வரேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.