தண்ணீர் போகாத வட்டம்

மார்க்கர் மையின் வாசம், தகரக் கூரையில் மழை... முதல் செமஸ்டர் என்றால் எனக்கு இன்றைக்கும் இவை இரண்டும்தான்.

வவுனியாவில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்குக் குவாண்டம் பௌதிகவியல். துகள்கள் மோதுவதைக் கோடும் புள்ளியுமாகப் படம் கீறியே கணக்கிடும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விருப்பப் பாடம், ஐந்தே பேர். ஒருவர் குறைந்தாலும் பாடத்தை நிறுத்திவிடுவார்கள். பாடம் நின்றால் என் வேலையும் அதோடு சரி.

நான் படம் படமாகக் கீறினேன். அவர்கள் மழையைப் பார்த்தார்கள்.

செமஸ்டர் தொடங்கி மூன்றாம் கிழமை, சுகந்தி விலகல் படிவத்தோடு வந்து நின்றாள். தர்மபுரத்தில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை.

"மிஸ், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இதில ஒருக்காக் கையெழுத்து வையுங்கோ."

பேனையை எடுத்தேன். மூடியைக் கழற்றாமல் பலகைப் பக்கம் நீட்டினேன்.

"போக முதல் இந்தப் படத்தைப் பாருங்கோ. என்ன தெரியுது எண்டு சொன்னாக் காணும்."

கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

பலகையில் இரண்டு துகள்கள் வந்து, சந்தித்து, பிரிகிற கோடுகள். பக்கத்தில், எதோடும் சேராமல் தனியாக ஒரு வட்டம்.

கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"எங்கட வாய்க்கால் மாதிரிக் கிடக்கு மிஸ். ஆனா இந்த வட்டத்துக்குத் தொடுப்பே இல்லையே. குளத்துத் தண்ணி இதுக்குப் போகாது. பிறகேன் இதையும் கணக்கில எடுக்கிறீங்கள்?"

எடுக்கத் தேவையில்லைதான். தனித்து நிற்கும் வட்டங்கள் கடைசியில் கழிந்துபோகும். அதை நிரூபிக்கத்தான் முந்தின நாள் இரண்டு பலகை நிறைய எழுதியிருந்தேன்...

படிவத்தை என் பாடக் குறிப்புக் கொப்பிக்குள் செருகினேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை.

பரீட்சையில், துகளின் கோட்டிலேயே இருந்த வட்டத்தையும் வெட்டிவிட்டாள்! அது கணக்கில் சேர வேண்டியது. கேட்டதற்கு, "சுத்தி வந்து அதே வாய்க்காலில விழுற தண்ணி ஆருக்கு மிஸ் பிரயோசனம்?" என்றாள். அந்த விடைக்குப் புள்ளியைக் குறைத்தேன். இன்றும் மனம் குறுகுறுக்கிறது.

இப்போது மழை கேட்காத புதுக் கட்டடம். படத்தைக் கணினியே கீறுகிறது. நான் அந்தத் தனி வட்டத்தைத் திரையில் போட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்பேன். இந்த வருடம் ஒரு மாணவன் சொன்னான்: "சிக்னல் இல்லாத போன் மிஸ் இது. ஆரோடயும் கதைக்காது."

சரியான விடைதான். பாராட்டினேன். ஆனாலும் மனம் தண்ணீருக்காகக் கொஞ்சம் காத்திருந்தது...

படிவம் இன்னும் கொப்பிக்குள் இருக்கிறது. அன்று அதில் கையெழுத்து வைத்திருந்தால் சுகந்தியோடு சேர்ந்து நானும் போயிருப்பேன்.